காலண்டர் தாளில் ஒரு முகவரி

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 38. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. காலை ஏழரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். மகள் ஆறாம் வகுப்பு. குறையென்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எதிலும் சந்தோஷமில்லை. தியானச் செயலி, நன்றி டைரி, நாலரை மணிக்கு எழுவது எல்லாம் செய்து பார்த்தேன், எதுவும் நிலைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்றும் தோன்றுகிறது. இந்த ஓட்டத்தில் மகிழ்ச்சிக்கு எப்படி நேரம் ஒதுக்குவது?

ச., பல்லாவரம்

அன்புள்ள ச.,

வேலையை விடும் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். சோர்ந்திருக்கும்போது எடுக்கிற முடிவல்ல அது. நாலரை மணி எழுச்சியும் வேண்டாம். தூக்கத்தை வெட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

நன்றி டைரிக்காகத்தான் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டும். பகலெல்லாம் கணக்கெழுதும் மனிதர் இரவில் சந்தோஷத்துக்கும் வரவு வைக்க உட்கார்ந்தால் மனம் எப்படி இளகும்? என் மூச்சு, என் நன்றி, என் ஒழுங்கு என்று எல்லாமே உங்களையே சுற்றிவருகின்றன. கொஞ்சம் வெளியே பாருங்கள். அதற்குத் தோதான ஒன்று உங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும்: தினசரி காலண்டர்.

ராசிபலனையும் ராகுகாலத்தையும் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்துவிடுகிறோம். அதில் நட்சத்திரம் என்று ஒரு வரி இருக்கிறதே, அது அன்றைக்கு வானத்தில் நிலா நிற்கும் இடத்தின் முகவரி. விண்மீன்களிடையே நிலா ஒரு சுற்று வர 27 நாளும் சில மணி நேரமும் ஆகும். அந்தப் பாதையை 27 பங்காக்கி, அந்தந்தப் பக்கத்து விண்மீனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒரு பங்கு 13 பாகைக்குச் சற்று அதிகம். கையை முழுக்க நீட்டி முட்டி மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. ஆக, நாளொன்றுக்கு நிலா ஒன்றேகால் முட்டிக்குமேல் கிழக்கே நகரும். நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்கிறோம், பொருத்தம் பார்க்கிறோம். அதை வானத்தில் காட்டச் சொன்னால் விழிக்கிறோம். எனக்கு இது தீராத ஆதங்கம்.

வளர்பிறை பஞ்சமியிலிருந்து பௌர்ணமி வரை, சாப்பிட்டதும் பத்து நிமிடம் மொட்டைமாடிக்குப் போங்கள். போகுமுன் தாளைப் பாருங்கள். ‘மாலை 4.10 வரை ரோகிணி, பின்பு மிருகசீரிடம்’ என்பதுபோல இருக்கும். இப்படி நீங்கள் பார்க்கும் நேரத்துக்கு முன்பே மாறிவிட்டால், பின்னால் உள்ள பெயர்தான் கணக்கு. அப்போது முதல் பெயரை வைத்துத் தேடினால் இடம் தவறிவிடும்.

இருபத்தேழையும் ஒரேயடியாகத் தேடாதீர்கள். சுவாதியும் திருவோணமும் நிலாவின் பாதைக்கு வெகுதூரம் வடக்கே இருப்பவை. தாளில் சுவாதி என்றிருந்தாலும் நிலாவுக்குப் பக்கத்தில் அதைக் காண முடியாது. பாதையை ஒட்டிய ஐந்து போதும்: கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. தாளில் பெயர் வரும் நாளில் நிலா அதிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை முட்டிக்குள் இருக்கும். தை மாதம் இரவு எட்டு மணிக்குக் கார்த்திகைக் கொத்து உச்சியருகே தெரியும். அதற்குக் கிழக்கே செம்மஞ்சளாக ரோகிணி. சித்திரை மாதத் தொடக்கத்தில் மகம் தலைக்கு நேர் மேலே. ஆனியில் தெற்கே உயரத்தில் நீலவெண்மையாகச் சித்திரை. ஆடியில் அதே தென்திசையில் சிவப்பாகக் கேட்டை. இமைக்காமல் பளிச்சென்று ஒன்று குறுக்கிட்டால் அது வியாழனோ வெள்ளியோ, குழம்பாதீர்கள்.

கைபேசி கீழேயே இருக்கட்டும். திரை வெளிச்சம் பட்ட கண் மறுபடி இருட்டுக்குப் பழகக் கால்மணி நேரத்துக்கு மேலாகும். தெருவிளக்கு படாமல் தண்ணீர்த்தொட்டி மறைவில் நில்லுங்கள். பௌர்ணமியை ஒட்டி நிலவொளியில் கார்த்திகைக் கொத்து கரைந்துவிடும். கட்டைவிரலை நீட்டி நிலாவை மறைத்துக்கொண்டு தேடுங்கள். ஐப்பசி மழையில் நாள்கணக்கில் எதுவும் தெரியாது. அப்போதும் தாளைப் பார்த்துவையுங்கள். மேகம் விலகியதும் நிலாவை எங்கே தேடுவதென்று தெரிந்திருக்கும். தேய்பிறையில் நிலா நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழும், அந்நாட்களில் பால் வாங்கப் போகும் விடிகாலைதான் நல்ல நேரம்.

மாசி மகத்தன்று மட்டும் தவறவிடாதீர்கள். பொழுது சாய்கையில் முழுநிலா கிழக்கே எழும். இருட்டியதும் மகம் அதன் அருகிலேயே தெரியும். கார்த்திகை தீபமும் சித்ரா பௌர்ணமியும் இப்படி முழுநிலாவும் அதன் நட்சத்திரமும் சேர்கிற நாட்கள்தாம். வீட்டு விளக்கேற்றிய கையோடு மாடிக்குப் போய் அண்ணாந்து பார்க்க எத்தனை நேரமாகிவிடும்?

மகளையும் அழைத்துப்போங்கள். அவள் தன் கையை நீட்டித் தன் முட்டியாலேயே அளக்கட்டும். கை குட்டை, முட்டியும் சின்னது. கணக்கு ஏறக்குறைய உங்களுடையதாகவே வரும்.