126-இல் கோடு கிழிக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னிடம் உள்ள எலக்ட்ரானிக் இசைக் கோப்புகளை இரண்டு ஃபோல்டர்களாகப் பிரித்து வைத்திருக்கிறேன். 126 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பீட் என்ற வேக அளவு) வரை ஹவுஸ், அதற்கு மேல் டெக்னோ. டிஜே நண்பர் ஒருவர் இதைப் பார்த்துச் சிரிக்கிறார். சிகாகோவில் இருந்து வந்தால் ஹவுஸ், டெட்ராய்ட் என்றால் டெக்னோ, அவ்வளவுதான் என்கிறார். இன்னொருவர், பாட்டு இருந்தால் ஹவுஸ், இல்லாவிட்டால் டெக்னோ என்கிறார். இதற்கிடையில், ஹவுஸ் என்று நினைத்து 126-இல் நான் செய்த டிராக்கைக் கேட்டவர்கள் எல்லோரும் "நல்ல டெக்னோ" என்று பாராட்டுகிறார்கள். அதில் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) இருக்கிறது, கிளாப் (கைதட்டல் ஒலி) இருக்கிறது, பின்னே என்ன குறை? கோட்டை எங்கேதான் போடுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் போடும் கோடும் நிற்காது.

முதலில் வேகம். ஹவுஸ் பெரும்பாலும் 118-இல் இருந்து 128 வரை ஓடும். டெக்னோ 125-இல் இருந்து 145 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற அந்த நான்கைந்து எண்களில்தான் எல்லாச் சண்டையும் நடக்கிறது. ஒன்று செய்து பாருங்கள். யாராவது பாடுகிற 124 பிபிஎம் ஹவுஸ் டிராக் ஒன்றை எடுத்து, கீ லாக்கை (வேகம் மாறினாலும் ஸ்வரம் மாறாமல் காக்கும் வசதி) அணைத்துவிட்டு, வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரை 6 சதவீதம் ஏற்றுங்கள். வேகம் 131-ஐத் தாண்டிவிடும். குரல் அரை ஸ்வரம் ஏறி, பாடுகிறவருக்கு வயது குறைந்துவிட்டதுபோல் இருக்கும். டெக்னோ மட்டும் ஆகியிருக்காது. அவசரத்தில் இருக்கும் ஹவுஸ், அவ்வளவுதான்.

அடுத்தது ஊர். சிகாகோவில் 1977-இல் திறந்த வேர்ஹவுஸ் கிளப்பில் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் போட்ட இசைக்கு, அந்தக் கிளப் பெயரின் பின்பாதி ஒட்டிக்கொண்டது என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. டெட்ராய்ட் பக்கம் டெக்னோவை உருவாக்கிய ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். இரு ஊர்களுக்கும் கார் ஓடும் தூரம்தான். ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷின் ஒன்றை டெரிக் மே நக்கிள்ஸுக்கு விற்றார் என்ற கதை இரண்டு பக்கமும் சொல்லப்படுகிறது. கருவியே கைமாறியிருக்கும்போது, ஒலியில் எல்லைச்சாவடி எப்படி இருக்கும்?

அதைவிட முக்கியமான ஒன்று: டெக்னோ என்ற சொல் ஒரு இசைவகையின் பெயராக உலகெங்கும் பரவியது 1988-இல் பிரிட்டனில் வெளியான டெட்ராய்ட் தொகுப்பு ஒன்றின் தலைப்பால். அந்தத் தொகுப்புக்கு முதலில் யோசித்திருந்த தலைப்பு 'த ஹவுஸ் சவுண்ட் ஆஃப் டெட்ராய்ட்'. அட்கின்ஸ் தன் டிராக்குக்கு 'டெக்னோ மியூசிக்' என்று பெயர் வைத்து அனுப்ப, தலைப்பு மாறியது. அதாவது நீங்கள் தேடும் கோடு ஓரளவுக்கு அட்டை அச்சாகும் கட்டத்தில் போடப்பட்டது. அதே தொகுப்பில் இருந்த 'பிக் ஃபன்', சாண்டர்சனின் இன்னர் சிட்டி குழு செய்தது. பாடியவர் பாரிஸ் கிரே, சிகாகோக்காரர். பெயர் தெரியாமல் கேட்கும் எவரும் அதை ஹவுஸ் என்றுதான் சொல்வார்கள். எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. 1987-இல் சிகாகோவில் இருந்து வந்த ஃபியூச்சர் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' ஏறத்தாழ 120 பிபிஎம். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். அதில் டிபி-303 சிந்தசைசர் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்க, மாறுவது அதன் ஃபில்டர் குமிழ்கள் மட்டுமே. ஊரும் வேகமும் ஹவுஸ். வேலை செய்யும் விதம், என் காதுக்கு, டெக்னோ.

இந்த டிராக்கிலேயே உங்களுக்கான பதில் இருக்கிறது. நான் கோடு போடுவது இங்கே: நேரம் போகப்போக ஒரு டிராக்கில் எது மாறுகிறது? கார்ட், குரல், பேஸின் (அடியில் ஓடும் ஆழ்ந்த ஒலி) ஸ்வரங்கள் மாறி அந்த மாற்றம் உங்களை இழுத்துக்கொண்டு போனால் அது ஹவுஸ். ஸ்வரம் ஓரிடத்திலேயே நிற்க, ஒலியின் குணம் மாறி அது இழுத்துக்கொண்டு போனால் டெக்னோ. குரல் இருக்கிறதா இல்லையா என்பது இதில் பிரச்சினையே இல்லை. "ஒன், டூ" என்று ஒரு குரல் துண்டு நூறு முறை வந்து, ஒவ்வொரு முறையும் எக்கோவில் கரைந்தால், அங்கே குரலும் ஒரு தாளக்கருவிதான்.

சோதிப்பது எளிது. டிராக்கின் இரண்டாவது நிமிடத்தில் 16 பார் (ஒரு பாருக்கு நான்கு பீட்), ஐந்தாவது நிமிடத்தில் 16 பார் வெட்டி எடுங்கள். 124-இல் ஒரு துண்டு 31 விநாடி வரும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, வித்தியாசத்தை ஒரு வரியில் எழுதுங்கள். "பியானோ வந்துவிட்டது, பேஸ் வேறு ஸ்வரத்துக்குப் போகிறது" என்று எழுதினால் ஹவுஸ். "அதே ஒலிதான், ஆனால் கரகரப்பாகி, அறை பெரிதான மாதிரி இருக்கிறது" என்றால் டெக்னோ. மிக்சரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டும் ஒருமுறை கேளுங்கள். மிச்சத்தை வாய்விட்டு முனக முடிந்தால் பெரும்பாலும் ஹவுஸ் பக்கம்தான். 'ஸ்டிரிங்ஸ் ஆஃப் லைஃப்' போன்றவை இந்தச் சோதனையில் என்னை மடக்கும். 1987-இல் டெரிக் மே வெளியிட்ட, பேஸ்லைனே இல்லாத, பியானோவும் தந்தி ஒலிகளும் பொங்குகிற அந்த டிராக்கை டெக்னோவின் மூலவர்களில் ஒன்றாக எல்லோரும் வைக்கிறார்கள். அதன் பியானோவை நாள் முழுக்க முனகலாம். வைக்கட்டும்.

இனி உங்கள் டிராக். நீங்கள் கோப்பை அனுப்பவில்லை. ஆனால் கார்டும் கிளாப்பும் இருந்தும் எல்லோருக்கும் டெக்னோவாகக் கேட்கிறது என்றால், சந்தேகப்பட வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, கிக்குக்கும் (ஒவ்வொரு பீட்டிலும் விழும் கனத்த டிரம் அடி) பேஸுக்கும் உள்ள உறவு. ஹவுஸில் பேஸ் கிக்குக்குப் பதில் சொல்லும். பீட்டின் தலையில் விழாமல் அரை இடம் தள்ளி எடுப்பு, அங்கிருந்து இரண்டு மூன்று ஸ்வரம் நடந்து, அடுத்த கிக்குக்கு முன் ஒதுங்கிக்கொள்ளும். டெக்னோவில் பல சமயம் பேஸ் என்று தனியாக ஒருவர் இருக்கவே மாட்டார். கிக்கை ஒரு ரிவெர்புக்கு (அறை எதிரொலி எஃபெக்ட்) அனுப்புவார்கள், வால் 2 விநாடி. அதைக் கொஞ்சம் டிஸ்டார்ட் செய்து, 120 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டி, மோனோவாக்கி, கிக் விழும்போதெல்லாம் சைடுசெயின் கம்ப்ரஷர் அமுக்கும்படி வைப்பார்கள். கிக்குகளுக்கு நடுவே உறுமல் மட்டும் பொங்கி வரும். இப்போது டுடோரியல் பார்த்துத் தொடங்கும் எல்லோரும் இந்த உறுமலைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். உங்கள் டிராக்கில் அது இருந்தால், மேலே எத்தனை கார்ட் வைத்தாலும் உடம்பு டெக்னோ என்றுதான் புரிந்துகொள்ளும். எடுத்துவிடுங்கள். கிக்கின் டிகேயை (ஒலி தணியும் நேரம்) 200 மில்லி செகண்டுக்குள் குறையுங்கள். 126-இல் ஒரு பீட் 476 மில்லி செகண்ட், அரை இடம் 238. கிக் 200-இல் அடங்கினால்தான் 238-இல் பேஸ் நுழையக் காலி இடம் கிடைக்கும். அடங்காவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்று, ஒலிபெருக்கியில் கொழகொழவென்று வரும். பிறகு ஈக்யூவை (ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) எவ்வளவு திருகினாலும் சரியாகாது.

இரண்டாவது, கார்ட் இருக்கிறது என்கிறீர்கள். எத்தனை? ஒரே மைனர் கார்டை வெட்டி வைத்து, டிலே (எக்கோ) போட்டு, ஃபில்டரை மெல்லத் திறந்து மூடினால் அது டப் டெக்னோவின் செய்முறை. பெர்லினின் பேசிக் சேனல் தொண்ணூறுகளில் இந்த ஒரு கார்டை வைத்தே ஒரு உலகத்தைக் கட்டியது. ஹவுஸுக்கு அந்தக் கார்ட் எங்காவது போய்த் திரும்ப வேண்டும். நான்கு பாருக்குள் இரண்டு கார்டாவது போதும், ஏழாம், ஒன்பதாம் ஸ்வரம் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, ஸ்விங். பலரும் தவறவிடுவது இதைத்தான், தவறும்போது என்ன தவறு என்றும் தெரியாது. ஸ்விங் 50 சதவீதம் என்றால் பதினாறில் ஒன்றுகள் (பாரைப் பதினாறாகப் பிரிக்கும் தட்டுகள்) எல்லாம் சம இடைவெளியில் விழும். டெக்னோ பெரும்பாலும் இங்கேயோ இதை ஒட்டியோ நிற்கும். 56-க்கு ஏற்றினால், ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது தட்டு 126 பிபிஎம்மில் 14 மில்லி செகண்ட் தாமதமாக விழும். எண்ணாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, இடுப்புக்குத் தெரியும். ஹை-ஹேட்டுக்கும் (சிறு சிம்பல்) ஷேக்கருக்கும் மட்டும் 55 முதல் 58 வரை கொடுங்கள். கிக் நேர் இடங்களில் மட்டும் விழுவதால் அதற்குக் கொடுத்தாலும் எதுவும் ஆகாது. ஆபத்து டிலேயில் இருக்கிறது. கார்டுக்கு நீங்கள் புள்ளி வைத்த எட்டாம் டிலே (முக்கால் பீட்) போட்டிருப்பீர்கள், எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். 126-இல் அது 357 மில்லி செகண்ட். பீட்டின் தலையில் விழுந்த கார்டின் எக்கோ சரியாக நான்காவது பதினாறில் வரும். ஆனால் ஸ்விங் ஏறிய ஹேட் அங்கே 371-இல்தான் விழுகிறது. ஒரே இடத்தில் இரண்டு தட்டு, 14 மில்லி செகண்ட் இடைவெளியில். கேட்பவருக்கு அது இரண்டாகத் தெரியாது. ஏதோ தளர்ந்துபோய், அழுக்காக இருக்கிறது என்று மட்டும் படும். உடனே நீங்கள் ஸ்விங்கைக் குறைப்பீர்கள், டிராக் நேராகிவிடும், மறுபடியும் "நல்ல டெக்னோ" என்பார்கள். குறைக்க வேண்டியது ஸ்விங்கை அல்ல. டிலேயை எட்டாமாகவோ (அரை பீட்) ஒரு முழு பீட்டாகவோ மாற்றுங்கள். அந்த இடங்களை ஸ்விங் தொடுவதில்லை.

கிளாப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டாம், நான்காம் பீட்டில் உலர்ந்த கிளாப் ஹவுஸின் அடையாளம்தான். ஆனால் அதற்கு நீண்ட ரிவெர்ப் போட்டால் கிடங்குக்குள் யாரோ கதவை அடிக்கிற மாதிரி ஆகி, எதிர்ப்பக்கம் போய்விடும். அரை விநாடிக்கு மேல் வேண்டாம்.

டெக் ஹவுஸ் என்பது இந்தக் கோட்டின் மேலேயே வீடு கட்டியவர்களின் பெயர். பீட்போர்ட் இணைய இசைக்கடையில் 'மெலடிக் ஹவுஸ் அண்ட் டெக்னோ' என்று இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்து விற்கிறார்கள். கடைக்காரர் பிரச்சினை வேறு, கேட்பவர் பிரச்சினை வேறு. கடை ஒட்டும் பெயரை அப்படியே நம்பி அடுக்காதீர்கள்.

உங்கள் ஃபோல்டருக்கு வருகிறேன். வேகத்தை உங்கள் மென்பொருள் எப்படியும் கணக்கிட்டுக் காட்டும், அதற்கு ஃபோல்டர் எதற்கு? மேலே சொன்ன 16 பார் சோதனையைச் செய்து, ஒவ்வொரு கோப்பின் குறிப்புக் கட்டத்திலும் இரண்டு விஷயம் எழுதுங்கள்: மாறுவது ஸ்வரமா ஒலியா, ஹேட் நேரா ஸ்விங்கா. கலக்கும்போது இந்த இரண்டாவது குறிப்பு உங்களைக் காப்பாற்றும். ஸ்விங் உள்ள ஹவுஸ் மேல் நேரான டெக்னோவைக் கொண்டுவந்தால், கிக்குகள் அச்சாகப் பொருந்தியிருந்தாலும் ஹேட்கள் தடுக்கும். பழகாத காது அதை வேகப் பிசகு என்று எடுத்துக்கொள்ளும். உடனே கை ஜாக் வீலுக்குப் (டிராக்கை முன்னும் பின்னும் தள்ளும் சக்கரம்) போய்த் தள்ளிவிடும், நன்றாக நின்றிருந்த கிக்கும் கலையும். தள்ளாதீர்கள். உள்ளே வருகிற டிராக்கின் ஹை ஈக்யூவை முழுக்கக் குறைத்து வைத்துக் கொண்டுவாருங்கள். 16 பார் முடிந்து அடுத்த பாரின் முதல் கிக்கில் இரண்டின் லோவையும் இடம் மாற்றுங்கள். பேஸ் நடையும் உறுமலும் ஒரு பார்கூடச் சேர்ந்து ஓட வேண்டாம். பழைய டிராக்கின் ஹை இறங்கிய பிறகு புதியதன் ஹையைத் திறந்தால் போதும். 124-இல் இருந்து 130-க்குப் போக வேண்டுமென்றால் ஒரு டிராக்குக்கு ஒரு பிபிஎம் ஏற்றுங்கள், ஆறு டிராக்கில் போய்ச் சேரலாம். ஒரே தாவலாகத் தாவினால் கீ லாக் அந்த 5 சதவீதத்தைச் சமாளிக்கும்போது கிக்கின் முனையை மழுக்கிவிடும்.

டிராக்கைத் திருத்தியதும் அனுப்புங்கள். கிக்கும் பேஸும் தனித்தனிக் கோப்பாக இருந்தால் நல்லது.