பச்சையாக இருந்தாலும் பழம்தான்
பின்கட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பின்கட்டில் ஏழு வயதுச் சாத்துக்குடி மரம் நிற்கிறது. தையில் பூத்தது, ஐப்பசியும் பிறந்துவிட்டது. காய் நன்றாகப் பெருத்திருக்கிறது, ஆனால் மஞ்சள் மட்டும் வரவே இல்லை. கடைப் பழம் போல நிறம் வர இன்னும் எத்தனை நாள் விட வேண்டும்? (வாசகி, தேவகோட்டை)

பதில்: நிறத்துக்காகக் காத்திருந்தால் பழம் சக்கையாகிப் போகும், ஆச்சி. சாத்துக்குடித் தோலின் பச்சை கலைய இரவுக் குளிர் வேண்டும். ராத்திரி வெப்பம் 13 டிகிரி அளவுக்கு இறங்கினால்தான் பச்சையம் சரியாகக் குறைந்து மஞ்சள் வெளியே தெரியும். நாக்பூர் ஆரஞ்சு அப்படிச் சிவப்பதற்கு அந்த ஊர்க் குளிர்காலமும் ஒரு காரணம். நம் பக்கத்தில் மார்கழி விடியற்காலையில்கூட அவ்வளவு குளிர் கிடையாது. அதனால் உள்ளே பழுத்திருந்தாலும் வெளியே பச்சையாகவே நிற்கும். கடையில் ஒரே சீராக மஞ்சளாக இருப்பவற்றில் பல, எத்திலீன் வாயு விட்ட அறையில் நிறம் ஏற்றியவை. அந்த வாயு தோலை மாற்றுமே தவிர இனிப்பைக் கூட்டாது.

முதலில் மாதக் கணக்குப் பாருங்கள். பூத்ததிலிருந்து எட்டு, ஒன்பது மாதத்தில் சாத்துக்குடி முற்றும். தைப் பூவுக்கு ஐப்பசி சரியான நேரம். அடுத்து தோலைப் பாருங்கள். பிஞ்சில் கரும்பச்சையாக, சொரசொரப்பாக இருந்த தோல், முற்றியதும் இளம்பச்சைக்கு வந்து, மேடு பள்ளம் குறைந்து, எண்ணெய் தடவியது போல மினுங்கும். ஒரே அளவில் இரண்டு காயைக் கையில் ஏந்தினால் முற்றியது கனமாக இருக்கும்.

இவ்வளவும் ஊகம்தான், உறுதியாகத் தெரிய ஒன்றை அறுத்துத்தான் ஆக வேண்டும். வெயில் படும் மேல் கிளையிலிருந்து ஒன்று, உள்ளே நிழலிலிருந்து ஒன்று என இரண்டு பறித்து, குறுக்கே வெட்டுங்கள். வெட்டிய உடனே சாறு சொட்ட வேண்டும். சுளை வெள்ளைப் பச்சையாக இல்லாமல் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். விதை தடித்துத் திரண்டிருக்க வேண்டும், நசுங்குகிற வெள்ளைப் பிஞ்சு விதையாக இருந்தால் இன்னும் மூன்று வாரம் விடுங்கள். மேல் கிளைப் பழம் இனித்து, நிழல் பழம் புளித்தால் பயப்பட வேண்டாம். வெயில் பட்ட பழத்தில் சர்க்கரை முந்திச் சேரும். வெளிப்பக்கத்தை இப்போது பறித்துவிட்டு, உள்பக்கத்தைப் பதினைந்து நாள் கழித்துப் பறியுங்கள்.

இன்னொன்று. விடாமல் மழை பெய்த கையோடு பறித்தால் சாறு நீர்த்துச் சப்பென்று இருக்கும். வெயில் வெளுத்து மூன்று நான்கு நாள் ஆகட்டும். அதற்காகத் தை வரை மரத்திலேயே விடவும் கூடாது. சாறு வற்றி, சுளை விறைத்து, மெல்ல மெல்லச் சக்கைதான் மிஞ்சும். இது காம்புப் பக்கத்தில் தொடங்கும், பெரிய பழங்களில்தான் முதலில் வரும். அதனால் மரத்திலுள்ள பெரிய பழங்களை முதலில் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: காயாகப் பறித்து அரிசிப் பானையில் போட்டு வைத்தால் பழுத்துவிடாதா? (வாசகி, புதுவயல்)

பதில்: மாம்பழத்துக்கும் வாழைக்கும் சரி. அவற்றின் காயில் மாவுச்சத்து இருக்கிறது, பறித்த பிறகு அதுதான் சர்க்கரையாகிறது. எலுமிச்சை, நார்த்தை, சாத்துக்குடி வகையில் அந்தச் சேமிப்பு கிடையாது. காம்பு வெட்டுப்பட்ட அன்றைக்கு உள்ளே எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். பானையில் இருந்தால் தோல் மஞ்சளாகும், சுருங்கும், உள்ளே இருக்கும் காய் காய்தான்.

கேள்வி: எலுமிச்சையை மஞ்சளாகும் வரை விட்டால் கீழே விழுந்துவிடுகிறது. பச்சையாகப் பறித்தால் சாறு இல்லை. எந்தப் பருவத்தில் பறிப்பது? ஆடி வெள்ளிக்கு அம்மனுக்கு மாலை கோக்கவும் வேண்டும். (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: எலுமிச்சைக்குப் பூவிலிருந்து ஐந்து, ஆறு மாதம். மரத்தில் பூவும் பிஞ்சும் பழமும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் மாதக் கணக்கு வைப்பது கஷ்டம், கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். கல் போலக் கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். கட்டைவிரலால் அமுக்கினால் லேசாகக் கொடுத்து, தோல் வழவழப்பாகி, கரும்பச்சை இளம்பச்சையாக வெளுத்திருந்தால் அதுதான் செங்காய்ப் பருவம். சாறு முழுதாக ஏறியிருக்கும். வீட்டில் வைத்துப் புழங்க இந்தப் பருவம்தான் நல்லது. மஞ்சள் முழுதாக ஏறிய பிறகு மரம் அதிக நாள் தாங்காது, நாலு காற்றடித்தால் உதிர்த்துவிடும்.

ஊறுகாய்க்கு மஞ்சள் வந்த, தோல் மெல்லிய பழம் நல்லது, சீக்கிரம் மசியும். மாலைக்கு, நிறம் இப்போதுதான் ஏறத் தொடங்கிய பழங்களை இரண்டு மூன்று நாள் முன்பே பறித்து, நிழலில் கூடையில் பரப்பி வையுங்கள். ஒரே சீராக மஞ்சளாகிவிடும். தோல் கெட்டியாக இருப்பதால் ஊசி கோக்கும்போது சாறு வடியாது. தோலில் பழுப்புச் சொறி இருக்கும் பழம் மாலைக்கு அழகில்லை, ஆனால் சொறி தோலோடு நின்றுவிடும். சாற்றுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சாத்துக்குடிச் சாறு பிழிந்தவுடன் இனிக்கிறது, அரை மணி கழித்துக் குடித்தால் கசக்கிறது. பழம் கெட்டுவிட்டதா? (வாசகர், காரைக்குடி)

பதில்: கெடவில்லை. சுளையின் மெல்லிய தோலிலும் விதையிலும் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. பிழியும்போது அது சாற்றின் புளிப்போடு கலந்து, மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். சூடு பட்டால் இன்னும் வேகமாக மாறும். முற்றாத பழத்தில் இந்தப் பொருள் அதிகம், முற்ற முற்றக் குறையும். ஆக, உங்கள் பழத்தைக் கொஞ்சம் அவசரப்பட்டுப் பறித்திருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. இனி இரண்டு வாரம் பொறுத்துப் பறியுங்கள். மிக்ஸியில் விதையோடும் வெள்ளைத் தோலோடும் அரைக்க வேண்டாம், கையால் பிழிந்து உடனே குடித்துவிடுங்கள்.

கேள்வி: துரட்டியால் இழுத்துப் பறித்த பழம் காம்படியில் அழுகுகிறது. சில பழத்தில் தோல் பழுப்பாகத் திட்டுத் திட்டாகிறது. (வாசகர், கோட்டையூர்)

பதில்: இரண்டுக்கும் பறித்த விதம்தான் காரணம். இழுத்தால் காம்போடு தோலும் பிய்ந்து வரும், அந்தப் புண் வழியே பூஞ்சாணம் ஏறும். பறிக்கும் பழத்தை ஒரு கையால் பிடித்து, கவாத்துக் கத்தரியால் காம்பைப் பழத்தை ஒட்டி வெட்டுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு கூடையில் அடுத்த பழத்தைக் குத்தும். எட்டாத கிளைக்கு, துரட்டி முனையில் துணிப்பை கட்டி, பழம் பைக்குள் விழும்படி செய்யுங்கள்.

பழுப்புத் திட்டு, தோலிலுள்ள எண்ணெய் கசிந்து சுட்டதால் வருவது. விடியற்காலைப் பனியிலும் மழை நின்ற கையோடும் தோல் நீர் ஏறி விறைப்பாக இருக்கும், லேசாக அழுத்தினாலே எண்ணெய்ப்பைகள் உடையும். காலை ஒன்பது மணிக்கு மேல் தோல் உலர்ந்த பிறகு பறியுங்கள். எலுமிச்சைச் சாறு கையில் பட்டபடி வெயிலில் நின்றால் கைத்தோலும் கறுத்துக் கொப்புளிக்கும், சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: உப்பு நார்த்தங்காய்க்குக் காயாகப் பறிப்பதா, பழமாகவா? கசப்பைத் தவிர்க்க வழி உண்டா? (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: முற்றிய பச்சைக் காய், அல்லது அடியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும் செங்காய். பிஞ்சாகப் பறித்தால் சாறு இராது, உப்பு உள்ளே ஏறாது, கசப்பும் மாறாது. முழுப் பழமாக விட்டால் தோல் குழைந்து, காயவைக்கும்போது சுருளாமல் பிய்ந்து போகும். முழுப் பழத்தைச் சாதத்துக்கும் சர்பத்துக்கும் வையுங்கள்.

ஒரு கிலோ காய்க்கு 150 முதல் 200 கிராம் கல்லுப்பு, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள். காயைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்து, அடி ஒட்டியிருக்கும்படி நான்காகக் கீறி உப்பை அடைத்து, மங்கு ஜாடியில் போடுங்கள். அலுமினியமும் பித்தளையும் ஆகாது, புளிப்பும் உப்பும் பாத்திரத்தை அரிக்கும். தினமும் ஒரு தடவை குலுக்கி விட்டால் நாலு நாளில் நீர் விட்டிருக்கும். பிறகு பகலில் முற்றத்து வெயிலில் காயைப் பரப்பி, சாயங்காலம் அதே நீரில் போடுங்கள். நீர் முழுதும் காய்க்குள் இழுபட்டு உலரும் வரை, சுமார் பத்திலிருந்து பதினைந்து நாள். கசப்பு போய்விடாது, போகவும் கூடாது. உப்பு ஏற ஏற அது மட்டுப்படும், தயிர்ச் சோற்றுக்கு அந்தக் கசப்புதானே ருசி.

கேள்வி: பழுக்கும் முன்பே பழம் விழுகிறது. ஓரிடத்தில் ஊசித் துளை இருக்கிறது, அமுக்கினால் சாறு பீய்ச்சுகிறது. (வாசகர், காளையார்கோவில்)

பதில்: ராத்திரியில் வரும் பழத்துளை அந்துப்பூச்சியின் வேலை. நீண்ட உறிஞ்சியால் தோலைக் குத்திச் சாறு குடிக்கும். குத்திய இடம் அழுகிப் பழம் உதிரும். அதன் புழு எலுமிச்சை மரத்தில் வாழாது, சீந்தில் கொடியில் வாழும். வேலியில் சீந்தில் படர்ந்திருந்தால் மருந்துக்கு ஒரு கொடி போதும் என்று விட்டுவைக்காமல், மரத்தருகில் இருப்பதை முழுதும் எடுத்துவிடுங்கள். விழுந்த பழத்தை அன்றன்றைக்கே குழியில் போட்டு மூடுங்கள், புளித்த வாடை இன்னும் பூச்சியை அழைக்கும். செங்காய்ப் பருவத்திலேயே நல்ல பழங்களைத் துளையிட்ட காகிதப்பையாலோ துணியாலோ மூடி, காம்பில் கட்டுங்கள்.

கேள்வி: மூன்று வருடம் இனிப்பாகக் காய்த்த சாத்துக்குடி இப்போது ஒரு பக்கம் மட்டும் தடித்த, சொரசொரப்பான, புளிப்புக் காய் காய்க்கிறது. பழுக்கவில்லையா? (வாசகி, கண்டனூர்)

பதில்: அது சாத்துக்குடியே இல்லை. ஒட்டுக்கன்றின் வேர்ச்செடி, அதாவது சாத்துக்குடியை ஒட்டுக் கட்டிய அடிப்பக்கத்து வேறு வகைச் செடி, ஒட்டுக்குக் கீழே போத்து விட்டு வளர்ந்து காய்த்திருக்கிறது. அந்தக் கிளையை அடிவரை தொடர்ந்து போய்ப் பாருங்கள். ஒட்டு மேட்டுக்குக் கீழிருந்து கிளம்பியிருந்தால் தண்டை ஒட்டி வெட்டிவிடுங்கள். இனிப்புக் கிளைகள் மெலியும் முன் இந்த வாரமே செய்வது நல்லது.