கோடைக்கால நாடக சீசனுக்கான ஆடிஷனில் நடிகர்களிடம் என்ன பார்க்கிறார்கள்?

ஒரு நாடகத்துக்கு ஆள் தேடுவதும் ஒரு சீசனுக்கு ஆள் தேடுவதும் ஒன்றல்ல. கோடை சீசனில் பெரும்பாலும் ஒரே குழுதான் மூன்று, நான்கு நாடகங்களைப் போடும். பகலில் அடுத்த நாடகத்தின் ஒத்திகை, இரவில் இந்த நாடகம் மேடையில். அதனால் ஒரே பாத்திரத்துக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறவரைவிட, இதில் அப்பாவாகவும் அதில் திருடனாகவும் வரக்கூடியவருக்கே வாய்ப்பு அதிகம்.

ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனி வசனங்களைக் கேட்பது இதற்காகத்தான். ஒன்று சிரிக்க வைப்பது, மற்றது கனமானது. இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள். இசை நாடகமும் இருந்தால் ஒரு பாட்டின் சிறு பகுதி. பாதியில் 'நன்றி' என்று நிறுத்தினால் மனம் உடைய வேண்டாம், வெளியே நீண்ட வரிசை காத்திருக்கிறது.

என்னைக் கேட்டால், உண்மையான சோதனை அப்புறம்தான் வரும். 'சரி, பக்கத்தில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்து இதையே சொல்லுங்கள்' என்பார் இயக்குநர். பலர் அதே ஏற்ற இறக்கத்தில், சத்தத்தை மட்டும் குறைத்துச் சொல்வார்கள். யாரோ ஒருவர் மூச்சையே மாற்றிக்கொள்வார்; வீசிப் பேசிய கை மடிக்குள் அடங்கிவிடும். ஒத்திகைக்கு ஓரிரு வாரமே கிடைக்கும் குழுவுக்கு அவர்தான் வேண்டும்.

படிவத்தில் உங்களால் வர முடியாத தேதிகளை மறைக்காமல் எழுதுங்கள். நீங்கள் இரண்டு நாள் இல்லையென்றால் தடுமாறப்போவது ஒரு நாடகம் மட்டுமல்ல, அதன் பின்னால் நிற்கும் ஒத்திகையும்தான்.