லவ்கிராஃப்ட் – ஹோவர்ட் கடிதங்கள்: எங்கே தொடங்குவது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டும், கோனன் என்ற காட்டுமிராண்டி வீரனின் கதைகளை எழுதிய ராபர்ட் இ. ஹோவர்டும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இரண்டு தடித்த தொகுதிகளாகக் கிடைத்தன. ஆரம்பமே கெல்ட், பிக்ட் என்று பழைய இனங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக ஓடுகிறது. கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது?

க.

அன்புள்ள க.,

அந்த இன ஆராய்ச்சியே ஒரு கதையிலிருந்து கிளம்பியதுதான். 'வியர்ட் டேல்ஸ்' என்ற அமெரிக்கக் கதைப் பத்திரிகையின் 1930 ஜூன் இதழில் லவ்கிராஃப்ட்டின் 'சுவர்களுக்குள் எலிகள்' மறுபிரசுரமானது. அதன் உச்சத்தில் நாயகன் புத்தி பேதலித்து, மூதாதையரின் மொழிகள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய்ப் பிதற்றுகிறான். அதில் ஒரு வரி கேலிக், அதாவது அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கெல்ட் மொழி. கதை நடப்பது இங்கிலாந்தில். அங்கே வெல்ஷ் கிளை மொழி அல்லவா வரவேண்டும், பிரிட்டனின் ஆதிக்குடிகள் பற்றி இவருக்கு வேறு கொள்கையோ என்று ஹோவர்ட் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ரைட்டுக்கு எழுதினார். ரைட் அதை லவ்கிராஃப்ட்டுக்கு அனுப்பிவைத்தார். உண்மையில் கொள்கை எதுவும் இல்லை. ஃபியோனா மெக்லியாட் என்ற பெயரில் எழுதிய ஸ்காட்லாந்து எழுத்தாளரின் கதையிலிருந்து எடுத்த வரி அது. கடிதப் போக்குவரத்து 1936இல் ஹோவர்ட் இறக்கும்வரை நீடித்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை.

முதல் இரண்டு வருடங்களை இப்போதைக்கு விட்டுவிட்டு 1932க்குப் போங்கள். நாகரிகமா, காட்டுமிராண்டி வாழ்வா என்ற சண்டை அங்கே சூடு பிடிக்கிறது. நாகரிகத்தின் பக்கம் நிற்கும் லவ்கிராஃப்ட் பொதுவிதிகளாகப் பேசுவார். ஹோவர்ட் டெக்ஸாஸின் எண்ணெய்க் கிணற்று ஊர்களையும் போலீஸ் அடியையும் எடுத்து முன்னால் வைப்பார். 1935இல் முசோலினி எத்தியோப்பியா மீது பாய்ந்ததும், நாகரிகத்தின் லட்சணம் இதுதானா என்று அடிக்கிறார். என் கணக்கில் வாதத்தில் வென்றவர் ஹோவர்ட். இனவெறி இருவரிடமும் உண்டு, அதைத் தள்ளிவிட்டுப் படிக்க முடியாது.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது 'பெயரற்ற வழிபாடுகள்' என்ற கற்பனை நூல். அதை உருவாக்கியவர் ஹோவர்ட். அதன் ஆசிரியர் வான் யுன்ஸ்ட்டுக்கு முதற்பெயர் சூட்டியவர் லவ்கிராஃப்ட். ஜெர்மன் தலைப்பு, லவ்கிராஃப்ட்டின் எழுத்தாள நண்பர் டெர்லெத் தந்தது. மூன்று பேர் கைபட்டதால்தான் அந்த இல்லாத புத்தகம் இருப்பதுபோலத் தோன்றுகிறது.

ஒரு எச்சரிக்கை. ஹோவர்ட் பல கடிதங்களில் தேதி போடவில்லை; பதிப்பாசிரியர்கள் உத்தேசமாக வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். லவ்கிராஃப்ட் எழுதியவற்றில் பல, ஆர்காம் ஹவுஸ் பதிப்பகம் எடுத்த தட்டச்சுப் படியாகவே மிஞ்சின, சில குறைபட்டும். இல்லாத ஒன்றுக்கு ஹோவர்ட் பதில் சொல்வதுபோல் இருந்தால் குழம்பாதீர்கள், விடுபட்ட பகுதிக்கான பதிலாக இருக்கலாம். லவ்கிராஃப்ட்டின் கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்து முன்பு வந்த ஐந்து தொகுதிகளை மட்டும் வைத்து இந்தச் சண்டையை எடைபோடாதீர்கள். அவை சுருக்கப்பட்டவை, ஹோவர்டின் குரலும் அவற்றில் கிடையாது.