வாசகர் கேள்வி பதில்: ஃப்ரீசருக்குள் சிலிண்டர் கேஸா?

புதிதாக வாங்கப் பார்த்த டீப் ஃப்ரீசரில் 'ஆர்-290' என்று போட்டு நெருப்புப் படம் ஒட்டியிருக்கிறது. கடைக்குள் வைக்கலாமா? பழைய 404ஏ மாடலே பரவாயில்லையா?
– ஐஸ்கிரீம் கடைக்காரர், ஈரோடு

தாராளமாக வைக்கலாம். ஆர்-290 என்பது பெட்டியைக் குளிர்விக்கும் கேஸாகப் போடும் சுத்திகரித்த புரோப்பேன். எரியும்தான்; ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் 150 கிராமுக்குள்தான். புரோப்பேன் பற்றிக்கொள்ள ஒரு கனமீட்டர் காற்றில் குறைந்தது 38 கிராம் கலந்திருக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி இருக்கும் அறையில் 100 கிராம் முழுவதும் கசிந்து பரவினாலும் கனமீட்டருக்கு மூன்றரை கிராம்தான் வரும்.

ஆனால் புரோப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். அதனால் காற்றோட்டமில்லாத அண்டர்கிரவுண்டு குடோனிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்காதீர்கள். பெட்டிக்கு உள்ளே கணக்கே வேறு. 300 லிட்டர் பெட்டிக்குள் 12 கிராம் கசிந்தாலே பற்றும் அளவு வந்துவிடும். இதற்காகத்தான் தெர்மோஸ்டாட், ஃபேன், லைட் எல்லாம் பொறி வராத வகையாகப் போட்டிருக்கிறார்கள். பழுதானால் அதே வகைதான் போட வேண்டும். கிடைத்ததை மாட்டக் கூடாது.

பழைய பெட்டிகளில் குளிர்விக்கும் கேஸான 404ஏ தீப்பிடிக்காது, உண்மை. ஆனால் புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 3,922 மடங்கு. 200 கிராம் கசிந்தால் ஏறக்குறைய 800 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். புரோப்பேனுக்கு அந்த எண் 3-ஐத் தாண்டாது. இப்படிச் சூடாக்கும் குளிர்பதனக் கேஸ்களைக் குறைக்க 2016-இல் ஏற்பட்ட கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. 2028 முதல் 404ஏ வகைக் கேஸ்களுக்கு நாட்டளவில் உச்சவரம்பு வருகிறது. பத்து வருஷம் உழைக்க வேண்டிய பெட்டிக்கு இதையும் யோசியுங்கள்.

என் 404ஏ ஃப்ரீசரில் கேஸ் தீர்ந்துவிட்டது. ஆர்-290 போட்டால் கரண்டும் மிச்சம், செலவும் குறைவு என்கிறார் மெக்கானிக். சமையல் கேஸே போதும் என்கிறார் இன்னொருவர்.
– மீன் கடைக்காரர், நாகர்கோவில்

இரண்டும் வேண்டாம். பழைய பெட்டியின் ரிலேயும் தெர்மோஸ்டாட்டும் ஆன் ஆகும்போதெல்லாம் பொறி தட்டுபவை. 404ஏ-க்கு அது தொல்லையில்லை, புரோப்பேனுக்குத் தீக்குச்சி. போதாக்குறைக்கு, அதே கம்ப்ரசரில் ஆர்-290 அந்த அளவு குளிர் தராது. மைனஸ் 18-க்கு இறங்க முடியாமல் ஓய்வில்லாமல் ஓடும். பெட்டி மேல் எச்சரிக்கை ஸ்டிக்கரும் இருக்காது. அடுத்து வரும் மெக்கானிக் விஷயம் தெரியாமல் பர்னரைப் பற்றவைப்பார்.

சமையல் கேஸ் இன்னும் மோசம். அது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது, கலவை விகிதம் ஒரே மாதிரி இருக்காது, வாசனைக்காகக் கந்தகச் சேர்மமும் உண்டு. ஈரமும் இருக்கலாம், அது கேப்பிலரி என்ற மெல்லிய குழாயின் முனையில் பனியாக உறைந்து வழியை அடைக்கும். கசிவை அடைத்து 404ஏ-யையே போட்டு ஓட்டுங்கள். கம்ப்ரசர் போகும் நாளில் ஆர்-290-க்கென்றே செய்த புதுப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்-290 பெட்டிக்கு, 404ஏ-க்கு வைப்பது போல சக்‌ஷன் பிரஷர் (கம்ப்ரசருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம்) பார்த்து கேஸ் ஏற்றினேன். சக்‌ஷன் பைப் கம்ப்ரசர் வரை பனி கட்டுகிறது, ஆம்பியரும் கூடுதல். எங்கே தவறு?
– ஏ.சி. மெக்கானிக், திண்டுக்கல்

கேஜை நம்பியதில்தான். மைனஸ் 30 டிகிரியில் 404ஏ சுமார் 15 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காட்டும், ஆர்-290 சுமார் 10 தான். 15 வரும்வரை ஏற்றினால் அளவு மிஞ்சி, ஆவியாகாத திரவம் கம்ப்ரசர் வரை திரும்பிவிடும். பெயர்த் தகட்டில் 85 கிராம் என்றிருந்தால் 85 தான். 10 கிராம் கூடினாலே நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு பிழை. ஒரு கிராம் வரை காட்டும் தராசும் குட்டை ஹோஸும் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

இப்போது மறுபடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். பிளக்கைப் பிடுங்குங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், பக்கத்தில் தூள் வகைத் தீயணைப்பான் இருக்கட்டும். ஹோஸை வெளியே திறந்தவெளிக்கு இழுத்து கேஸை மெதுவாக விடுங்கள். சாக்கடையோ பள்ளமோ அருகில் இருக்கக் கூடாது. உள்ளே மிச்சமிருப்பதை வெளியேற்ற வேக்யூம், நைட்ரஜன், மறுபடி வேக்யூம், மறுபடி நைட்ரஜன்.

இதன் பிறகும் பைப்பைப் பிரிக்க டார்ச் கூடாது, டியூப் கட்டர்தான். பலர் சூடுபட்டுக்கொள்ளும் இடம் இதுதான்: கம்ப்ரசர் ஆயிலில் புரோப்பேன் கரைந்திருக்கும். கேஜ் பூஜ்யம் காட்டினாலும் சூடு பட்டதும் ஆயிலிலிருந்து கிளம்பி, திறந்த முனையில் குபீரென்று பற்றும். ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரைப் புதிதாக வைக்கும்போது கேப்பிலரி முனை உள்வலையைத் தொடக் கூடாது. பிரேசிங் முடிந்ததும் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். தகட்டில் உள்ள அழுத்தத்தைத் தாண்ட வேண்டாம். ஆக்சிஜன் சிலிண்டரைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

அடுத்து 500 மைக்ரானுக்கு (வேக்யூமை அளக்கும் அலகு) கீழே வேக்யூம். வால்வை மூடிக் கால் மணி நேரம் பாருங்கள். முள் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம், நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. பிறகு எடை பார்த்து கேஸ். 404ஏ கலவை என்பதால் திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். ஆர்-290 ஒற்றைப் பொருள், ஆவியாக ஏற்றினாலும் குற்றமில்லை. கேஸ் ஏற்றிய பிராசஸ் டியூபை நசுக்கி, கசிவில்லை என்று உறுதி செய்த பிறகே முனையை அடைக்க வேண்டும். குழாயைத் துளைத்து மாட்டும் லைன் டேப் வால்வை அப்படியே விட்டுவிட்டு வருவது வேண்டாம், அடுத்த கசிவு அங்கேதான்.

சூப்பர் மார்க்கெட்டில் வரிசையாகப் பத்துப் பதினைந்து ஃப்ரீசர். குளிர்விக்கும் கேஸாகக் கார்பன் டை ஆக்சைடு ஓடும் பிளான்ட் நம் வெயிலுக்கு ஒத்துவருமா?
– வாசகர், சென்னை

வரும், ஆனால் ஐரோப்பிய வடிவமைப்பை அப்படியே கொண்டுவந்து இறக்கினால் கரண்டைத் தின்னும். 31 டிகிரிக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு திரவமாகாது. சென்னையில் வருஷத்தில் பாதிக்கு மேற்பட்ட நாள் பகலில் வெளிக்காற்றே அதைத் தாண்டுகிறது. அழுத்தம் 90 பாருக்கு மேல் போகும். இந்த வெயிலில் கரண்டை மிச்சப்படுத்தும் பேரலல் கம்ப்ரசர், எஜெக்டர் என்ற பாகங்கள் வைத்த அமைப்பைக் கேளுங்கள், அல்லது கார்பன் டை ஆக்சைடைக் குளிர்விக்க மேலே தனிச் சுற்றில் புரோப்பேனோ அம்மோனியாவோ வைத்த இரட்டை அடுக்கு. மின்வெட்டில் பிளான்ட் நின்றால் உள்ளே அழுத்தம் ஏறி ரிலீஃப் வால்வு வழியாகக் கேஸ் வெளியேறிவிடும். ஜெனரேட்டரில் ஓடும் சிறு குளிர்விப்பான் ஒன்று கட்டாயம். மெஷின் ரூமில் கார்பன் டை ஆக்சைடு சென்சாரும் வேண்டும், எரியாவிட்டாலும் மூச்சடைக்கும்.

பெட்டிச் சுவரில் கட்டிய பனியை ஸ்குரூடிரைவரால் பெயர்க்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

கூடாது. மேல்மூடி வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் அந்தத் தகட்டுக்குப் பின்னாலேயே கேஸ் குழாய் ஓடுகிறது. ஒரு குத்து போதும், கசிவு அங்கேயே விழும். சுவருக்குள் வெப்பத்தைத் தடுக்கும் நுரையில் புதைந்த குழாயைப் பழுது பார்ப்பது ஏறக்குறைய முடியாது. பனி அரை சென்டிமீட்டர் ஆனதும் அணைத்துவிட்டு மூடியைத் திறந்து வையுங்கள். அவசரமென்றால் ஒரு பாத்திரம் வெந்நீரை உள்ளே வைத்து, தளர்ந்ததை பிளாஸ்டிக் கரண்டியால் தள்ளுங்கள்.