டிவியில் செருகும் குட்டிக் கணினி, சின்ன மேசைக் கணினிக்கு மாற்றாகுமா?

வீட்டில் இடமில்லை, பிள்ளையின் பாடத்துக்கும் கொஞ்சம் அலுவலக வேலைக்கும், டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக் பிசி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நான் காசு கொடுத்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

2016இல் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் ஒன்று வாங்கினேன். பெயர் தெரியாத தயாரிப்புதான். ஆனால் உள்ளே இருந்தது, அதற்கு முந்தைய ஆண்டு இன்டெல் கொண்டுவந்த கம்ப்யூட் ஸ்டிக்கில் இருந்ததேதான்: ஆட்டம் என்ற குறைந்த சக்தி சிப், 2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு. எங்களுடையது தோ பாயோவில் மூவறை வீடு. சாப்பிடுவது, படிப்பது, அப்பாவின் மருந்து டப்பா எல்லாம் ஒரே மேசையில். டிவிக்குப் பின்னால் கணினி ஒளிந்துகொள்ளும் என்றதும் ஆசைப்பட்டுவிட்டேன்.

சுவரில் மாட்டிய டிவியில் அது நேராகச் செருகவே இல்லை. பெட்டியிலேயே ஒரு சாண் நீட்டிப்பு வயர் வைத்திருந்தார்கள், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். டிவியின் யுஎஸ்பியில் கிடைத்த மின்சாரம் பத்தாமல் தனி அடாப்டர். கீபோர்டு, மவுஸுக்கு இருந்தது ஒரே யுஎஸ்பி துளை, அதனால் ஒரு ஹப். "என்னடா, டிவிக்குப் பின்னாடி இடியாப்பம் பிழிஞ்சு வச்சிருக்க?" என்றார் அம்மா.

வயரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சூட்டைத்தான் முடியவில்லை. ஏர்கான் போடாத மதியத்தில், டிவியின் வெப்பமும் சேர்ந்து, தொட்டால் சுடும். சூடேறினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் மவுஸ் அம்பு நகர யோசிக்கும். அடுத்து விண்டோஸ் அப்டேட். 32 ஜிபியில் பாதிக்கு மேல் விண்டோஸே உட்கார்ந்திருக்க, அப்டேட்டை இறக்கவே இடமில்லை. ராமும் சேமிப்பும் போர்டிலேயே பற்றவைத்தவை, மாற்ற வழியில்லை.

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடலாம் என்று உட்கார்ந்தேன். 64 பிட் சிப்புக்கு 32 பிட் யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) வைத்திருந்தார்கள். வழக்கமான லினக்ஸ் பென்டிரைவை அது கண்டுகொள்ளவே இல்லை. அதைக் கண்டுபிடிக்கவே ஓர் இரவு போனது.

அந்த ஸ்டிக் இப்போது தேக்காவில் மாமாவின் சாப்பாட்டுக் கடையில் இருக்கிறது. மீன்தலைக் கறி படத்தையும் விலையையும் மாற்றி மாற்றிக் காட்டுவதுதான் வேலை. அதற்கு அது தாராளம்.

மேசைக் கணினிக்கு உண்மையான மாற்று மினி பிசி என்கிற கையகலப் பெட்டிதான். இன்டெல் ஸ்டிக் வரிசையைச் சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. அதன் நக் (NUC) என்ற கையகலப் பெட்டிகளோ 2023இல் ஏசுஸ் கைக்கு மாறியும் வந்துகொண்டிருக்கின்றன. காரணம் எளிது: அந்தக் கொஞ்சம் கூடுதல் இடத்தில் ஒழுங்கான விசிறி, கழற்றி மாற்றக்கூடிய எஸ்எஸ்டி சேமிப்பு, நாலைந்து யுஎஸ்பி எல்லாம் அடங்கிவிடுகின்றன. இப்போது என்னிடம் இருப்பது இன்டெலின் என்100 (N100) சிப், 16 ஜிபி ராம் உள்ள பெட்டி. மானிட்டரின் முதுகில் நாலு திருகாணி போட்டு மாட்டியிருக்கிறேன், மேசையில் ஒன்றும் இல்லை. பழைய சிபியுவைவிட ஏறக்குறைய 50 வாட் குறைவாக இழுக்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் மாதம் 12 யூனிட், யூனிட் 30 காசு என்று வைத்தால் மூன்றரை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிச்சம். பெரிய தொகை இல்லைதான், இரண்டு கோப்பி காசு வரும்.

ஒரே போர்டில் அடங்கும் குட்டிக் கணினியான ராஸ்பெரி பை? நோண்டுவதில் ஆசை இருந்தால் வாங்குங்கள். உறை, அடாப்டர், கார்டு எல்லாம் சேர்த்தால் விலை இந்தப் பெட்டியை நெருங்கிவிடும், விண்டோஸும் வேண்டுமென்றால் அது சரிப்படாது.

கடையில் ஸ்டிக்கைத்தான் காட்டுகிறார்கள் என்றால் ராமும் சேமிப்பும் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சமே 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு. அந்த அளவுதான் இருக்கிறது என்றால், விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.