குட்டிக்குப் பால் புகட்ட விடும் இடத்துக்கு மகளை அனுப்ப வேண்டாம்

கேள்வி: என் மகள் நாகர்கோவிலில் விலங்கியல் இளங்கலை முடித்திருக்கிறாள். மேற்படிப்பில் சேரும் வரை வனவிலங்கு மறுவாழ்வு மையம் ஒன்றில் தன்னார்வலராகப் பணியாற்ற விரும்புகிறாள். ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், வெளிமாநில மையம் ஒன்றில் ஒரு மாதம் சேர்த்துவிட 28,000 ரூபாய் கேட்கிறார். குரங்குக் குட்டிக்குப் பால் புகட்டும் காணொளிகளை அனுப்புகிறார். அங்கே தரும் சான்றிதழ் வனத்துறை வேலைக்கு உதவும் என்கிறார். பணம் கட்டலாமா? நம் மாவட்டத்திலேயே வாய்ப்பு உண்டா? பக்கத்து வீட்டு மச்சிலிருந்து விழுந்த கூகைக் குஞ்சு ஒன்றை நான்கு நாள்களாக மகள் வளர்க்கிறாள். அது அனுபவமாகக் கணக்கில் வருமா?
– ஒரு தாய், குலசேகரம்

பதில்: பணம் கட்ட வேண்டாம். அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன், நீங்கள் கடைசியாகக் கேட்ட கூகைக் குஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவசரம் அதில்தான் இருக்கிறது.

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் கூகையைப் பாதுகாக்கப்பட்ட பறவையாக வைத்திருக்கிறது. அத்தகைய உயிர் எவ்வழியில் கைக்கு வந்தாலும் அது அரசின் உடைமை. 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்று 39ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் வீட்டில் நான்கு நாள்கள் கடந்துவிட்டன. பயப்பட வேண்டாம், இன்றே குலசேகரம் வனச்சரக அலுவலகத்துக்குச் சென்று, எந்த நாளில் எங்கே கிடைத்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாலில் நனைத்த ரொட்டியைப் புகட்டிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். கூகை எலியை எலும்போடும் தோலோடும் விழுங்கும் பறவை. ரொட்டியிலும் பாலிலும் அதன் எலும்பு வலுப்பெறாது. வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், அது நுரையீரலுக்குள் போய்விடும். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. ஆனால், தரையில் விழுந்த குஞ்சை இறங்கி வந்து ஊட்டும் வழக்கம் பொதுவாகக் கூகைக்கு இல்லை. ஆகவே அந்த மச்சில் தாய்ப்பறவை இரவில் வந்துபோகிறது என்றால், காயமில்லாத குஞ்சை வனத்துறையினர் முன்னிலையில் அங்கேயே திரும்ப வைப்பதுதான் சரியான மறுவாழ்வு. இதை அனுபவமாக விண்ணப்பத்தில் எழுத வேண்டாம். பொறுப்பான மையம் எதுவும் இதை அனுபவமாக எடுத்துக்கொள்ளாது.

இனி அந்த ஒருங்கிணைப்பாளருக்கு வருவோம். அவர் அனுப்பிய காணொளியே அவருக்கு எதிரான சாட்சி. மறுவாழ்வு என்பது காயம் ஆற்றுவதோடு முடிவதில்லை. குணமான விலங்கு மனிதனைக் கண்டால் ஒதுங்கிப் போகும் நிலையில் காட்டுக்குத் திரும்ப வேண்டும். இதனால் தாயை இழந்த குட்டிக்குப் பால் கொடுக்கும் வேலையை நல்ல மையங்கள் ஓரிரு பணியாளர்களிடம் மட்டுமே விடுகின்றன. அவர்களும் அதனோடு பேசுவதில்லை, கொஞ்சுவதில்லை. மாதம் ஒரு புதுமுகம் வந்து மடியில் வைத்துப் புகட்டிய குரங்குக் குட்டி, பெரிதான பின் கூட்டத்தோடு சேரத் தெரியாமல் வீடுகளை நோக்கி வரும். வந்தால் கடிக்கும், கடித்தால் அடிபடும் அல்லது ஆயுள் முழுவதும் கூண்டில் கிடக்கும். புலிக்குட்டியோடும் தேவாங்கோடும் படம் எடுத்துக்கொள்ள விடும் இடம் எந்தப் பெயரில் இயங்கினாலும் அது மறுவாழ்வு மையம் அன்று. இன்னும் கேட்டால், படத்துக்காகவே காட்டிலிருந்து குட்டிகளைப் பிடித்துவரும் இடங்களும் உண்டு. தாயைக் கொல்லாமல் குட்டியைப் பிடிப்பது அரிது என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

சான்றிதழ் பற்றிய பேச்சு அப்பட்டமான பொய். வனக்காப்பாளர், வனவர் பணியிடங்கள் போட்டித் தேர்வின் வழியாக நிரப்பப்படுகின்றன. தன்னார்வச் சான்றிதழுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. இந்தப் பொய்யை நம்பிப் பெற்றோர் நகையை அடகு வைத்த கதையை நான் ஒருமுறைக்கு மேல் கேட்டிருக்கிறேன்.

இதை வைத்து, கட்டணம் வாங்கும் மையங்கள் எல்லாமே மோசடி என்று முடிவு செய்துவிடவும் கூடாது. காட்டோரத்தில் இயங்கும் நேர்மையான அறக்கட்டளைகள் சில, தன்னார்வலரின் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வாங்குகின்றன. விலங்குக்கென்று நன்கொடையாக வந்த பணத்தில் விருந்தினருக்குச் சோறு போட அவர்களுக்கு மனம் வராது, வரவும் கூடாது. அப்படி வாங்கும் தொகை நாள் கணக்கில் எழுத்தில் இருக்கும், நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போகும், ரசீது வரும். கட்டணத்துக்கு முன்பே விண்ணப்பமும் நேர்காணலும் இருக்கும். தகுதியில்லை என்று மறுக்கவும் செய்வார்கள். எவ்வளவு கொடுத்தாலும் விலங்கைத் தொடும் உரிமை அதில் அடங்காது. பணம் தனிமனிதரின் கைப்பேசி எண்ணுக்குப் போகிறதென்றால், ஒரு வாரத்துக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று அவசரப்படுத்துகிறார்கள் என்றால், கூடுதலாகக் கொடுத்தால் சிறுத்தைக் குட்டி என்று விலைப்பட்டியல் நீள்கிறதென்றால், அது நான் சொல்லும் விலக்கில் சேராது. சரிபார்க்கும் வழி எளிது. மீட்பு மையங்களுக்கு மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். அந்தப் பட்டியல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. மையத்தின் பெயரை அவரிடம் கேளுங்கள். சேர்ந்த பிறகு சொல்கிறேன் என்று அவர் பதில் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 400 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வனவுயிர்ச் சரணாலயம் இங்கே இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் மலைப்பாம்பு இல்லாத மழைக்காலம் இல்லை. இருந்தும், அடிபட்ட மயிலைக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தால், மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்திருக்கும் மருந்தும் ஓர் அட்டைப்பெட்டியும்தான் அதற்குக் கிடைக்கும். கால்நடை மருத்துவனாக இருந்த எனக்கு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மயில் இறந்தால் நிரப்ப வேண்டிய படிவங்களில் பாதிகூட, உயிரோடு இருக்கும் மயிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இல்லை. வெளியாட்களை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பழக்கும் மறுவாழ்வு மையம் எதையும் இம்மாவட்டத்தில் நான் கண்டதில்லை. அண்டையில் கோட்டூர் காப்புக்காட்டில் கேரள வனத்துறை நடத்தும் மையம் யானைகளுக்கானது. அசாமின் காசிரங்காவில் 2002 முதல் இயங்கும் மையம் போன்றவை தொலைவில் இருக்கின்றன. முதல் அனுபவத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இங்கேயே செய்யக்கூடியவை உண்டு. சுசீந்திரம், தேரூர் குளங்களிலும் மணக்குடிக் காயலிலும் வனத்துறை நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள். தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும்போது, இரவில் கடற்கரையில் நடந்து, பாதுகாப்பதற்காக முட்டைகளைச் சேகரிக்கவும் ஆள் வேண்டும். தூக்கம் கெடும், கால் வலிக்கும், பல இரவுகளில் ஓர் ஆமைகூடத் தென்படாது. இந்த வேலையில் ஒரு பருவம் தாக்குப்பிடித்தால், பிறகு எந்த மையமும் உங்கள் மகளை மதிப்போடு சேர்த்துக்கொள்ளும். அங்கேயும் அவளுக்குக் கிடைக்கப்போவது கூண்டு கழுவுவது, பழம் நறுக்குவது, தீனியை எடைபோட்டு எழுதுவது ஆகிய வேலைகளே.

பாலூட்டிகள் இருக்கும் மையம் என்றால், போவதற்கு முன்பே வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று தவணை போட்டுக்கொள்ள வேண்டும்: முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். ஆக, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். ஊசி போட்டாயிற்றா என்று கேட்காத மையத்துக்குள் காலெடுத்து வைக்க வேண்டாம்.

கணக்கெடுப்புக்கும் ஆமைப் பணிக்கும் நாகர்கோவிலில் மாவட்ட வன அலுவலருக்கு மனு எழுதுங்கள். மகளின் படிப்பு, எந்த மாதங்களில் வர முடியும், இரவு வேலைக்குப் பெற்றோர் சம்மதம் ஆகிய மூன்றும் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வேறொரு மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் நேரில் கொடுத்த மனுவை, அப்படி ஒன்று வரவே இல்லை என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் முறை முத்திரையிட்ட தாளைக் காட்டிய பிறகுதான் கோப்பு கிடைத்தது.